கொடிக்குப் பின்பக்கம் இல்லை

என் தங்கை பல்கீஸ் எதையெல்லாம் ஜெயித்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரங்கூனுக்கு வடக்கே வயல்வெளி ஊரான மாவ்பியில், மாதம் நிறையாமல், உள்ளங்கை அளவுக்குப் பிறந்தாள். பஞ்சில் சுற்றி வைத்த பிள்ளை பிழைத்தது. நர்கிஸ் புயலில், ரங்கூன் லான்மடாவ் பேட்டையில் எங்கள் கொடிக்கடையின் கூரை பறந்து, தையல் மிஷின் சேற்றுக்குள் போனது. திருகு திருகாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, அதே மிஷினை மறுபடி ஓட வைத்தாள். கட்டியவன் மலேசியாவுக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவனிடமிருந்து தலாக் வந்த அன்றும் அவள் தைத்துக்கொண்டிருந்த பனாமாக் கொடியை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். கப்பலுக்குச் சாமான் போடும் முதலாளிகள், பொம்பளை தைத்தது கடற்காற்றுக்கு நிற்காது என்றார்கள். இப்போது அதே முதலாளிகள் 'பல்கீஸ் கொடி இருக்கா?' என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள். கொரோனாவில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு ரங்கூனே வரிசையில் நின்றபோது, குப்புறப் படுத்தே மூச்சை மீட்டுக்கொண்டாள்.

ஜெயிக்காமல் விட்டது ஒன்று இருந்தது. எழுத்து.

தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்தார்கள், பர்மியப் பள்ளிக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். தாளைப் பார்த்தால் எழுத்துகள் மீன் குஞ்சு மாதிரி நழுவி ஓடுகின்றன என்பாள். வாத்தியார்கள் அடித்தார்கள். மீன்கள் இன்னும் வேகமாக ஓடின. பிறகு விட்டுவிட்டார்கள். குடும்பப் பதிவுக்கும் அடையாள அட்டைக்கும் அவள் வைத்ததெல்லாம் கைநாட்டுதான். ஆபீசுக்குப் போகும்போது கட்டை விரலைத் துடைக்க ஒரு துண்டுத் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். மற்றவர்கள் பார்க்கும் முன்னால் துடைத்துவிட வேண்டும் அவளுக்கு.

நான் ஆறாம் வகுப்புவரை படித்தவன். துணி வெட்டுவதும் கடைக்கணக்கும் என் வேலை. தைப்பது முழுக்க அவள். நர்கிஸுக்குப் பிறகு கடை மறுபடி நிமிர்ந்தபோது, முன் கண்ணாடியில், வெளிப்பக்கமாக நின்று, என் கையாலேயே 'பல்கீஸ்' என்று பெரிதாகத் தமிழில் எழுதினேன். கீழே பர்மிய எழுத்தில் கொடிக்கடை என்று சேர்த்தேன். அவளுடைய மிஷின் அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி உள்ளே இருக்கிறது. தலை நிமிரும்போதெல்லாம் வெளிச்சத்தின் நடுவில் அந்த எழுத்துகள் நிற்கும். அவை மட்டும் நழுவுவதில்லை என்று ஒருமுறை சொன்னாள். பெயின்ட் காய்ந்துவிட்டதால் ஓட முடியவில்லையாம்.

எங்கள் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு கப்பல் எந்த நாட்டுத் துறைக்குள் வருகிறதோ, அந்த நாட்டின் கொடியை மரியாதைக்கு ஏற்ற வேண்டும். அதனால் இங்கே வருகிற கப்பலுக்கெல்லாம் மியன்மார் கொடி வேண்டும். மஞ்சள் மேலே, பச்சை நடுவில், சிவப்பு கீழே, மத்தியில் வெள்ளை நட்சத்திரம். பல்கீஸ் அதிகம் தைப்பது அதைத்தான். அது போக, இங்கிருந்து கிளம்பும் கப்பல் அடுத்துப் போகிற ஊர்க் கொடிகளும் கேட்பார்கள். அவள் தைக்கிற விதத்துக்கு ஒரு சட்டம் உண்டு. சட்டைக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டு, கொடிக்குப் பின்பக்கம் கிடையாது, இந்தப் பக்கம் நிற்கிறவனும் மனுஷன்தான் அந்தப் பக்கம் நிற்கிறவனும் மனுஷன்தான் என்பாள். அதனால் எந்தத் தையலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். நூல் முடிச்சுகூடத் தெரியாது.

தைக்கும்போது அவள் இங்கே இருப்பதில்லை. நார்வேக் கொடி ஓடிக்கொண்டிருந்தால், மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா ஆறிப்போகிறது என்று கூப்பிட்டாலும் காதில் விழாது. பிறகு நிமிர்ந்து, அண்ணனான என்னை எப்போதும்போல நானா என்று கூப்பிட்டு, "குளிரு நானா அங்க. காது மடலெல்லாம் மரத்துப் போச்சு" என்பாள். உருகுவேயிலிருந்து திரும்பி வந்து வெயில் அதிகம் என்பாள். ஆற்றைக் கடந்து தன்லியின் ஊருக்குப் போகிற பாலத்துக்கு அந்தப் பக்கம் அதிகம் போகாதவள், துணிவழியாக உலகம் சுற்றிவிட்டாள்.

போன வருடம், மழைக்காலம் முடிந்து வானம் கழுவின தட்டு மாதிரி ஆன சமயம், பிரேம்நாத் ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பிரேம்நாத் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். தன்லியின் ஊர்த் துறையிலுள்ள கப்பல்களுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஓடுகிறவர். ஓட்டை இங்கிலீஷ் தெரியும்.

"பாய், இவரு அந்த இஞ்சின் ரிப்பேர் கப்பல்ல செகண்ட் இஞ்சினியரு. யுக்ரேன்காரரு. பேரு ஒஸ்தாப். இந்தக் கொடிய தைச்சது யாருன்னு பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

வந்தவர் பையிலிருந்து ஒரு மியன்மார் கொடியை எடுத்து மேசைமேல் விரித்தார். நிறம் வெளுத்திருந்தது.

பல்கீஸ் மிஷினைவிட்டு எழாமலே கேட்டாள். "ஏன், பிரிஞ்சிருச்சாமா?"

"பிரியலன்னுதான் வந்திருக்காரு. இந்த மழை முழுக்கக் கம்பத்துல இருந்திருக்கு. மத்ததெல்லாம் நாராப் போச்சாம். இது மட்டும் அப்படியே இருக்காம்."

"அப்ப லப்பெயே வாங்கிக் குடுங்க அண்ணே, நின்னுட்டே இருக்காரு" என்றாள். அது அவள் சந்தோஷப்படும் விதம். டீ வந்தது. அந்த மனிதர் பேசினார், பிரேம்நாத் எங்களுக்குச் சொன்னார்.

ஒஸ்தாபுக்கு மக்கார் என்று ஒரு தம்பி. ஊரில் கோதுமையும் சூரியகாந்தியும் அறுக்கிற மிஷின் ஓட்டினவன். போருக்குப் போய், இறந்துபோனான். அங்கே போரில் இறந்தவர்களின் கபர் ஒவ்வொன்றின்மேலும் ஒரு கொடி நட்டிருப்பார்களாம். மைதானம் முழுக்கக் கொடிகள். அந்த ஊர் சமவெளி, மலை கிடையாது, காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. கடையில் வாங்கும் மெல்லிய கொடி ஒரு குளிர்காலம் தாங்குவதில்லை. அம்மா போய்ப் போய் மாற்றுகிறார். கிழிந்த கொடியைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்கு மறுபடி ஏதோ நடந்துவிட்ட மாதிரி இருக்கிறதாம் அந்தத் தாய்க்கு. மூத்த மகனால் போக முடியாது. போனால், வயது வந்த ஆண் என்பதால், போர் முடியும்வரை நாட்டைவிட்டு வெளியே வர முடியாது. அவர் சம்பளத்தில்தான் தம்பியின் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

பல்கீஸ் என்னைப் பார்த்தாள். என் மகன் பைசல், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்ததும் தாய்லாந்து எல்லை தாண்டி மே சாட் பக்கம் போனவன். அவனாலும் வீட்டுக்கு வர முடியாது. வந்தால் போக முடியாது.

"தைச்சுத் தர்றேன்னு சொல்லுங்க அண்ணே" என்றாள். "காத்து வந்து கும்பிட்டுட்டுப் போற மாதிரி தைச்சுத் தர்றேன்."

ஒஸ்தாப் இன்னொன்றும் கேட்டார். பிரேம்நாத் அதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியும்.

"அந்தக் கொடியில... தைக்கிறவங்க பேரு எழுதணுமாம். அவங்க ஊரு வழக்கமாம். பட்டாளத்துக்காரங்க, கூட இருந்தவங்க எல்லாரும் கொடியில அவங்கவங்க பேர எழுதுவாங்களாம். இவங்கம்மா அந்தப் பேரக் கோயில்ல குடுத்து, உடம்பு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கச் சொல்வாங்களாம்."

"பேர நானா எழுதும்" என்றாள் பல்கீஸ், உடனே.

பிரேம்நாத் சொன்னார். ஒஸ்தாப் கூடாது என்று தலையசைத்தார். கோபமில்லாமல், ஆனால் உறுதியாக. ஒருவர் பெயரை இன்னொருவர் எழுதுவதில்லையாம். எழுதினால் அது எழுதினவருடைய பிரார்த்தனையாகப் போய்விடும்.

கப்பல் நவம்பர் இருபத்துநான்காம் தேதி காலை நீர் ஏற்றத்தோடு கிளம்பும், அடுத்து ருமேனியா, அங்கே அம்மாவின் தங்கை பஸ்ஸில் வந்து கொடியை வாங்கிக்கொள்வார் என்று பேசி முடித்தார்கள். அவர்கள் போன பிறகு பல்கீஸ் வெறும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊசிக்குக் கீழே துணி இல்லை.

நான் சாக்பீஸில் அவள் பெயரைப் பலகையில் எழுதி வைத்தேன். அவள் பார்த்தாள். "ஓடுது நானா" என்றாள். அழித்துவிட்டேன்.

நீலத்துணியும் மஞ்சள் துணியும் எடுத்தோம். போனில் அந்தக் கொடியின் படத்தைக் காட்டினேன். நீலம் மேலே, மஞ்சள் கீழே. "மாவ்பி மாதிரி இருக்கு நானா, அறுப்புக்கு முந்தி" என்றாள். ஒஸ்தாப் இடையில் ஒருமுறை டீ குடிக்க வந்தபோது இதைச் சொன்னோம். அவர்கள் ஊரிலும் அதையேதான் சொல்வார்களாம், வயலும் வானமும். தம்பி மிஷின்மேல் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றைக் காட்டினார். கழுத்துவரை மஞ்சள், அதற்குமேல் நீலம், நடுவில் ஒரு சிரிப்பு. பல்கீஸ் அந்தப் படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். அன்று முழுக்க அவள் லான்மடாவில் இல்லை. அந்த வயலில்தான் இருந்தாள். சாயங்காலம், "மண்ணு கறுப்பா இருக்கு அங்க. காப்பித்தூள் மாதிரி" என்றாள். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. பிறகு கேட்டபோது கறுப்புத்தான் என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒஸ்தாபும் பிரேம்நாத்தும் கொடியை வாங்க வந்தார்கள். கயிற்றின் தலைமுனையை மேலே வைத்துச் சேர்த்துத் தைத்த கான்வாஸ் பட்டி, எதிர்ப்பக்க ஓரத்தில் காற்று அடிக்கிற இடத்துக்கு வரிசை வரிசையாகத் தையல். அழகாக இருந்தது. பட்டியில் பெயருக்கு விட்ட இடம் மட்டும் காலி. ஒஸ்தாப் கயிற்றைப் பிடித்து உயர்த்தினார். கொடி விரிந்தது.

மஞ்சள் மேலே இருந்தது.

 வெளியே சைக்கார் ரிக்‌ஷா ஒன்று மணி அடித்துக்கொண்டு போனது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடமாக மஞ்சள் உள்ள எந்தக் கொடியை எடுத்தாலும் அவள் கை முதலில் மஞ்சளைத்தான் கயிற்றின் தலைப்புக்குக் கொண்டுபோகும். நம் ஊர்க் கொடி அப்படி. மற்ற நேரம் கண் அதைத் திருத்திவிடும். இந்த முறை கண் வேறு எங்கோ இருந்தது. பட்டியில் காலியாக விட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு தைத்திருக்கிறாள்.

"என் கைய வெட்டணும்" என்றாள் பல்கீஸ்.

ஒஸ்தாப் மெதுவாக ஏதோ சொன்னார். நூறு வருடத்துக்கு முந்தி அவர்கள் நாட்டிலும் சிலர் மஞ்சளை மேலே வைத்துப் பிடித்ததுண்டாம். அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன், பரவாயில்லை என்றார்.

"நூறு வருஷத்துக்கு முந்தினவங்க கபர்ல நட்டுக்கட்டும். இது அந்தத் தம்பிக்கு" என்றாள்.

பிரேம்நாத், "பட்டித் தையலப் பிரிச்சு கயித்து முனைய மாத்தி வச்சுட்டா சரியாப் போச்சு தங்கச்சி. தலைகீழாத் திருப்பினா நீலம் மேல வந்துரும். அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

"அண்ணே, நீங்க கப்பல் காகிதம் பாருங்க. தையலப் பிரிச்சா அங்க வரிசையா ஓட்டை நிக்கும். காத்து அந்த ஓட்டை வழியாத்தான் கிழிக்கும். அந்தம்மா மறுபடியும் போய் கிழிஞ்ச கொடியப் பாக்கணுமா?"

புதிதாகத் தைக்க நீலத்துணி இல்லை. கடைக்காரர் யாரிடமும் அந்த நீலம் இல்லை. அவள் கொடியைத் தரையில் விரித்து, கத்தரியை எடுத்துக்கொண்டு, ஓரத்தை விரலால் அளந்தாள். பட்டியைத் தைத்திருந்த ஓரத்தை முழுக்க வெட்டி எறிந்து புதுப் பட்டி வைத்தால் நல்ல துணி மிஞ்சும். ஆனால் நீளம் குறையும்.

"ஒரு சாண் குட்டையாப் போயிரும்னு சொல்லுங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

பிரேம்நாத் சொன்னதும் அந்த மனிதர் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையைத் தன் தோளுக்குக் கீழே வைத்துக் காட்டினார்.

"அவரு தம்பியும் குட்டைதானாம்" என்றார் பிரேம்நாத். "அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்ங்கிறாரு."

கத்தரி ஓடியது.

சனிக்கிழமை காலையில் டீ குடிக்கும்போது ஒரு கனவு சொன்னாள். பெரிய மைதானம். எங்கே பார்த்தாலும் கொடி. காற்று வர வர ஒவ்வொரு கொடியும் ஒரு பெயரைச் சொல்கிறது, வகுப்பில் பிள்ளைகள் பெயர் சொல்வதுபோல. "என் கொடி முறை வந்துச்சு நானா. அது சும்மா நின்னுச்சு. எல்லாக் கொடியும் திரும்பிப் பாக்குது."

"ஒஸ்தாப்கிட்ட சொல்லிரலாம், கைநாட்டு வைக்கிறேன்னு" என்றேன்.

"மையி மழையில போயிரும்" என்றாள். 

மாலை அவர்கள் வந்தபோது கொடி முடிந்திருந்தது. நீலம் மேலே, மஞ்சள் கீழே, ஒரு சாண் குட்டை. ஒஸ்தாப் ஓரத்தைப் பிடித்து பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார். துணி ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான். பிறகு தன் பையிலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்து, இதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஏற்றலாமா என்று கேட்டார். அவருடைய கொள்ளுப்பாட்டி காலத்தில், விளைந்த தானியத்தையெல்லாம் வீடு வீடாகப் புகுந்து அரசாங்கம் எடுத்துக்கொண்டு போக, கறுப்பு மண் இருந்தும் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தார்கள். அதை வாய்விட்டுச் சொல்லவே பல காலம் அனுமதி இல்லை. வீட்டுக்குள் கிசுகிசுத்தார்கள். இப்போது ஒவ்வொரு வருடமும் நவம்பரின் நான்காவது சனிக்கிழமை, இன்றைக்கு, ஒவ்வொரு சன்னலிலும் ஒரு வெளிச்சம் வைக்கிறார்கள்.

வாய்விட்டுச் சொல்ல முடியாதது என்ன என்று எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பல்கீஸ் தீப்பெட்டி கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து மின்விசிறி நின்றது. "மீ போச்சு!" என்று தெருவில் யாரோ கத்தினார்கள். கரண்ட் போனது. இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டில் ஒரு மெழுகுவத்தி, மாடியில் ஒன்று, அதற்கு அடுத்த சன்னலில் ஒன்று. தெரு நெடுக, மேல்மாடிவரை, சின்னச் சின்ன மஞ்சள் பொட்டுகள். ஒஸ்தாப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"நம்ம ஆளுங்க கரண்ட் இல்லாம ஏத்தினதுன்னு யாரும் சொல்லிராதீங்க" என்று கிசுகிசுத்தார் பிரேம்நாத்.

ஒஸ்தாபுக்கு அது தெரியாமலா இருக்கும். அவர் திரும்பி ஏதோ சொன்னார். அவர் ஊரிலும் குண்டு விழுந்து கரண்ட் இல்லையாம். இன்றைக்கு எந்த மெழுகுவத்தி எதற்கென்று அம்மாவுக்கே குழப்பமாக இருக்கும் என்றார். சிரித்தோம்.  பல்கீஸ் உதடு அசைந்தது. அல்ஹம்து சூரா ஓதுகிறாள் என்று தெரிந்தது.

ஓதி முடித்து, ஒஸ்தாப் நீட்டிய பேனாவைப் பார்த்தாள். அதை வாங்கவில்லை. ஊசியில் நீல நூலைக் கோத்தாள். கொடியின் கான்வாஸ் பட்டியை மெழுகுவத்திக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் தையலுக்கு முன்னால் தலை நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். அந்தப் பக்கம் தெருவின் வெளிச்சப் பொட்டுகள், அவற்றின் நடுவில் கறுப்பாக நான் எழுதிய எழுத்துகள்.

ஊசி போனது, வந்தது. போன வழியே திரும்பி வந்தது, இடைவெளி விழாமல், இரண்டு பக்கமும் ஒரே கோடாக. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். முதல் எழுத்து வந்தது. அடுத்தது வந்தபோதுதான் கவனித்தேன். எழுத்து திரும்பி இருந்தது. வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருந்து கண்ணாடியில் பார்க்கிறபடியே, ஒரு வளைவு பிசகாமல், அப்படியே. சொல்ல வாயெடுத்தேன். அவள் கை அவ்வளவு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கடைசி எழுத்தை முடித்து, நூலைப் பல்லால் கடித்தாள்.

"பல்கீஸ்" என்றேன். "எழுத்து திரும்பி விழுந்திருக்கும்மா."

அவள் கொடியை எடுத்துப் புரட்டினாள். அந்தப் பக்கம், நீல நூலில், நேராக, தெளிவாக, பல்கீஸ்.

"கொடிக்கு ஏது நானா பின்பக்கம்?" என்றாள். "எனக்குத் தெரிஞ்சது உள்ள இருந்து பாக்கிற பேருதான். படிக்கிறவங்க வெளியதானே நிப்பாங்க."

பிரேம்நாத் அதை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். ஒஸ்தாப் அந்த எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. "பல்கீஸ்" என்று சரியாகச் சொன்னார். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார், அம்மாவிடம் தப்பில்லாமல் சொல்ல.

பெயருக்குக் கீழே தேதி போடுவதும் வழக்கமாம். பேனாவை மறுபடி நீட்டினார்.

"அத நானா எழுதும்" என்றாள். இடுப்பில் செருகியிருந்த துண்டுத் துணியை உருவி, விரலில் ஒட்டின மெழுகைத் துடைத்துக்கொண்டாள். "தேதி எல்லாருக்கும் பொதுவுதானே."

பேனாவை வாங்கி, மழைக்கு அழியாத மையில், என் தங்கை முதல்முதலாகப் போட்ட கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: சனிக்கிழமை, 23 நவம்பர் 2024.